தீ வருமுன் வரும் மனிதர்

அடுப்பிலே இருக்கும் வரை நெருப்பு நமக்குச் சோறு போடுகிறது. அதுவே கூரையில் ஏறிவிட்டால் குடியைக் கெடுத்துவிடுகிறது. வருமுன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவப் பெருந்தகை. இதைத் தேர்வுகளில் பலமுறை எழுதியிருக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் வைக்கோலையும் நெருப்பையும் தூரத் தூர வைக்கச் சொல்லி ஒரு மனிதர் நம் வாசலுக்கே வந்தால், அவரை நாம் எப்படி வரவேற்கிறோம்? என் கட்டுரை இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

சென்ற ஆண்டு தீயணைப்பு நிலையத்திலிருந்து அலுவலரும் வீரர்களும் நம் பள்ளிக்கு வந்திருந்தார்கள். விளையாட்டுத் திடலில் வண்டியை நிறுத்தி, தென்னை உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக் காட்டினார்கள். எண்ணெய்ச் சட்டியில் பற்றிய தீயை ஈரச் சாக்கினால் மூடி நொடியில் அணைத்தார்கள். நாம் கை சிவக்கத் தட்டினோம். பிறகு அந்த அலுவலர் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். மாடிப்படியின் கீழே ஆண்டு விழா நாடகத்துக்காகச் செய்த அட்டை அரண்மனையும், கால் உடைந்த பெஞ்சுகளும் கிடந்தன. "இவற்றை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்" என்றார். கூடத்தின் பக்கக் கதவைத் திறக்கச் சொன்னார். சாவி கிடைக்கச் சற்று நேரமாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று வெயிலில் அட்டை அரண்மனையைச் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. "தண்ணீர் பீய்ச்சிக் காட்டியதோடு போயிருக்கலாமே, இவருக்கு எதற்கு இந்த வேலை?" என்று முணுமுணுத்தவர்களிலும் நான் ஒருத்தி.

அவருக்கு எதற்கு அந்த வேலை என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டபோது வெட்கப்பட்டேன்.

அமெரிக்க நகரங்களில் ஃபயர் மார்ஷல் என்றொரு பதவி உண்டு. ஊருக்கு ஊர் பெயரும் அதிகாரமும் சற்று மாறினாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். தீயை அணைப்பவர்கள் வேறு. இவர் தீயே வராமல் பார்க்க வேண்டியவர். இந்த வேலையின் வரலாறும் பழையது. இன்று நியூயார்க் என்று வழங்கும் நகரம் டச்சுக்காரர் ஆட்சியில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்றிருந்தபோது, 1648-ல் பீட்டர் ஸ்டைவசன்ட் என்ற ஆளுநர் வீடு வீடாகச் சென்று புகைபோக்கிகளைச் சோதிக்க நான்கு பேரை நியமித்தார். புகைபோக்கியைச் சுத்தமாக வைக்காத வீட்டுக்காரருக்கு அபராதம் விதித்தார்கள். அந்த அபராதப் பணத்திலேயே ஊருக்குத் தோல் வாளிகளும் ஏணிகளும் வாங்கினார்கள். அக்காலத்திலும் அவர்களைக் கண்டு முகம் சுளிக்காத வீட்டுக்காரர் இருந்திருப்பாரா என்பது சந்தேகமே!

இன்றைய மார்ஷலின் கடமைகளை நான்காகச் சொல்லலாம். கட்டடம் எழும்புமுன் அதன் வரைபடத்தைப் பார்த்து, வெளியேறும் வழிகள் போதுமா என்று சோதிப்பது முதற்கடமை. எழும்பிய கட்டடங்களை அவ்வப்போது பார்வையிட்டு, விதி மீறியவர்களுக்கு உத்தரவிடுவது இரண்டாவது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, படிக்கட்டில் சாமான் அடைத்திருக்கிறதா, ஒரு கூடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதெல்லாம் அவர் கவனிக்க வேண்டியவை. தீ விபத்துக்குப் பின் சாம்பலுக்குள் இறங்கி, குறைவாக எரிந்த இடத்திலிருந்து அதிகம் எரிந்த இடம் நோக்கி நடந்து, தீ எங்கே எதனால் பிறந்தது என்று கண்டறிவது மூன்றாவது. யாராவது வேண்டுமென்றே வைத்த தீயென்றால் குற்றவாளியைத் தேடும் பொறுப்பும் உண்டு. நியூயார்க் நகர மார்ஷல்களுக்குக் கைது செய்யும் அதிகாரமே இருக்கிறது. மக்களுக்கும் மாணவர்களுக்கும் தீத்தடுப்பைக் கற்றுக்கொடுப்பது நான்காவது கடமை. 1871-ல் சிக்காகோ நகரம் எரிந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்ததை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே தீத்தடுப்பு வாரம் கொண்டாடுகிறார்கள்.

அதே சிக்காகோவில் நடந்த இன்னொரு தீ விபத்தை நாம் அனைவரும், சிறப்பாக நம் அருட்சகோதரிகளும் பெற்றோரும், அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அது நம்முடையதைப் போன்றதொரு கத்தோலிக்கப் பள்ளியில் நடந்தது. சம்மனசுகளின் அன்னை பெயரால் அமைந்த பள்ளி அது. ஏறத்தாழ 1,600 பிள்ளைகள். கற்பித்தவர்களில் பெரும்பாலோர் கன்னியர்.

1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. மூன்று மணிக்குப் பள்ளி விடும். அதற்குள் வடக்குப் பகுதியில் ஒரு மாடிப்படியின் அடியில், குப்பைக் காகிதம் போடும் அட்டைப் பீப்பாயில் தீப் பிடித்தது. கட்டடத்தின் வெளிச்சுவர் செங்கல். உள்ளே படி, தரை, கதவு எல்லாம் மரம். தரைக்கு ஆண்டுக்கணக்காக மெழுகு பூசி மெருகேற்றியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குத் தீத்தடுப்புக் கதவு இருந்தது; மேல்மாடியில் இல்லை. ஆகவே புகையும் வெப்பமும் படிக்கட்டு வழியே நேராக மேல்மாடி நடைக்கு ஏறி, வகுப்புகளிலிருந்து வெளியேறும் வழியை அடைத்துவிட்டன. சன்னலுக்கு வெளியே தரை சுமார் 25 அடி கீழே. தீயணைக்கும் கருவிகளைச் சுவரில் ஏழு அடி உயரத்தில் மாட்டியிருந்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி அனுப்பும் பெட்டி இரண்டு தெருக்களுக்கு அப்பால் இருந்தது. நிலையத்துக்கு முதல் தொலைபேசி அழைப்பு போனபோது மணி 2:42. அதிலும் குருமனையின் முகவரி சொல்லப்பட்டதால் வண்டிகள் முதலில் அந்தத் தெருவுக்குப் போய்விட்டன. வீரர்கள் தங்கள் உயிரைப் பாராமல் 160-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். எனினும் 92 பிள்ளைகளும், அவர்களை விட்டு அகலாத மூன்று கன்னியரும் இறந்தார்கள்.

இதைவிட நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அந்தப் பள்ளி அதே ஆண்டு அக்டோபரில்தான் தீத்தடுப்புச் சோதனையில் தேறியிருந்தது! இது எப்படி? நகராட்சி 1949-ல் நல்ல விதிகளைக் கொண்டு வந்திருந்தது. ஆனால் அவை புதிய கட்டடங்களுக்கு மட்டும். 1910-ல் எழுந்த அந்தக் கட்டடம் பழையது என்பதால் அதற்கு விலக்கு. சோதிக்க வந்தவர் சட்டம் கேட்டதைப் பார்த்தார். சட்டம் கேட்காததை அவர் கேட்க முடியவில்லை. கட்டடம் பழையது என்று சட்டம் இரக்கம் காட்டலாம், நெருப்பு காட்டுமா? பழைய மரம் அதற்கு இன்னும் எளிதல்லவா?

விபத்துக்குப் பிறகு அந்த நாடு விழித்துக்கொண்டது. மறு ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தீயணைப்புத் துறையினர் பயன்பாட்டில் இல்லாத பள்ளிக் கட்டடம் ஒன்றில் தாங்களே தீ மூட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். சுடர் எட்டுவதற்கு வெகு முன்பே புகை படிக்கட்டையும் நடையையும் மூடிவிடுகிறது என்று கண்டார்கள். நாடெங்கும் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 16,500 பழைய பள்ளிக் கட்டடங்கள் திருத்தப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். இந்த விபத்து புதிய பாடம் எதையும் கற்றுத்தரவில்லை, கேளாமல் விட்ட பழைய பாடங்களையே காட்டியது என்று அந்நாட்டுத் தீத்தடுப்புச் சங்கத்தின் பொது மேலாளரே வருந்தினார்.

"அதெல்லாம் எங்கோ குளிர் தேசத்துச் செய்தி" என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2004 ஜூலை 16 அன்று நம் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் கருகியதைத் தமிழ்நாட்டில் மறந்தவர் உண்டா? அங்கும் மாடியில் வகுப்பு. மேலே கீற்றுக் கூரை. சத்துணவு சமைக்கும் அடுப்பிலிருந்து தீ. இறங்குவதற்குக் குறுகலான படி. சிக்காகோவுக்கும் கும்பகோணத்துக்கும் இடையே 46 ஆண்டுகள். கேளாமல் விட்ட பாடம் மட்டும் ஒன்றே! அதற்குப் பிறகுதான் நம் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. நம் ஊரில் மார்ஷல் என்ற பெயர் வழக்கத்தில் இல்லை. ஆனால் அவர் செய்யும் வேலையில் பெரும்பகுதியை நம் தீயணைப்பு நிலைய அலுவலர் செய்கிறார். அட்டை அரண்மனையை எடுக்கச் சொன்னாரே, அவர்தான்!

இங்கே என் கருத்துகளைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, தீயை அணைப்பவருக்குக் கொடுக்கும் கைதட்டலைத் தீயைத் தடுப்பவருக்கும் கொடுக்கக் கற்க வேண்டும். எரியும் வீட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வருபவரின் படம் நாளிதழில் வருகிறது. கதவின் பூட்டை எடுக்கச் சொல்லி நூறு குழந்தைகளைக் காப்பவரின் படம் எங்கும் வருவதில்லை. அவர் வெற்றி பெற்ற நாளில் ஒன்றுமே நடப்பதில்லை! 1911-ல் நியூயார்க்கில் ஒரு தையற்சாலை எரிந்து 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பதினான்கு வயதுச் சிறுமியரும் உண்டு. பூட்டியிருந்த ஒரு கதவு அவர்களில் பலரின் வழியை மறித்தது. அந்தக் கதவை ஒருவர் முன்னமே திறக்க வைத்திருந்தால், அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பெண்கள் மட்டும் வீடு திரும்பியிருப்பார்கள்.

இரண்டாவது, சோதனையில் தேறுவது வேறு. பாதுகாப்பாக இருப்பது வேறு. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. அலுவலர் ஆண்டில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் படிக்கட்டின் கீழே சாமான் சேர்ப்பவர்கள் நாமே. அதைத் தடுக்க வேண்டியவர்களும் நாமே. செலவாகுமே என்பார்கள் சிலர். உண்மைதான், செலவாகும். புதுக் கதவுக்கும் கருவிக்கும் பணம் வேண்டும். ஆனால் ஒரு படிக்கட்டைக் காலியாக வைப்பதற்கு என்ன செலவு? சாவியைக் கதவருகிலேயே ஆணியில் மாட்டுவதற்கு எத்தனை ரூபாய்? பெற்றோர் பள்ளிக்கு வரும்போது மதிப்பெண்ணை விசாரிப்பதோடு, "ஒத்திகை நடக்கிறதா? கதவு திறக்கிறதா?" என்றும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லத்தான் சற்றுத் தயக்கம். சிக்காகோ பள்ளியில் தலைமைக் கன்னியரின் உத்தரவின்றி அபாய மணியை அடிக்கலாகாது என்பது ஒழுங்கு. அன்று அவர், வராத ஆசிரியை ஒருவருக்காக வேறு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். புகையைக் கண்டதும் அவரைத் தேடினார்கள், காணவில்லை. ஆகவே புகையைக் கண்ட ஆசிரியை தாமே துணிந்து தம் வகுப்பையும் பக்கத்து வகுப்பையும் கோவிலுக்குக் கொண்டு சேர்க்கச் செய்துவிட்டு, திரும்பி வந்து மணியை அடித்தார். அதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விட்டன. இன்னொரு வகுப்பில் கன்னியர் ஒருவர் கதவிடுக்குகளில் புத்தகங்களைச் செருகச் சொல்லிப் புகையைத் தடுத்தார். அவ்வகுப்பில் மிகப் பலர் பிழைத்தார்கள். வழி அடைபட்ட வகுப்புகளில் கன்னியர் பிள்ளைகளோடு செபித்தபடியே உதவிக்குக் காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. தம் உயிரையே கொடுத்தவர்கள் அல்லவா அவர்கள்!

கீழ்ப்படிதல் நம் பள்ளி நமக்குத் தரும் பெரும் செல்வம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தீ ஒன்று மட்டும் உத்தரவுக்குக் காத்திராது. அந்த ஒரு வேளைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வேண்டும். புகையை முதலில் காண்பவர் யாராயினும், அவர் ஆறாம் வகுப்புச் சிறுமியாயினும், சமையலறை ஆயாவாயினும், மணியை அடிக்கலாம். தவறாக அடித்துவிட்டாலும் தண்டனை இல்லை என்று நம் பள்ளியில் அறிவிக்க வேண்டுமென்று நம் தலைமைச் சகோதரியாரை வேண்டிக்கொள்கிறேன். ஒத்திகையையும் முன்கூட்டிச் சொல்லாமல், மழை நாளிலும் தேர்வு நாளிலும் வைக்க வேண்டும். சிரித்துக்கொண்டு வரிசையில் நடக்கும் நம் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இது மாணவியர் பங்கு.

இந்த ஆண்டும் ஆண்டு விழா வருகிறது. நாடகத்துக்கு மீண்டும் ஓர் அட்டை அரண்மனை செய்வோம். விழா முடிந்த அன்று மாலையே அதைப் பிரித்துத் திடலின் ஓரத்துக்குச் சுமந்து செல்ல என் வகுப்புத் தோழியர் நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது பெயர் என்னுடையது. இம்முறை முணுமுணுக்க மாட்டேன்.