செத்த சட்டமும் சாகாத வழக்கும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் தம் தெருச் சாக்கடையைக் கைப்பேசியில் படம்பிடித்து ஊரறியச் செய்தால், “நீ என்ன பத்திரிகைக்காரனா?” என்று கேட்கின்றவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்ததா, அச்சாபீசு முதலாளிகளுக்கு மாத்திரம் கொடுத்ததா?

66-ஏ என்ற பிரிவு 2009-ல் அமுலுக்கு வந்தது. இணையத்தில் எழுதிப் பிறருக்கு ‘எரிச்சல்’ உண்டாக்கினால் 3 வருஷம் வரை சிறையாம்! லஞ்சத்தைச் சொன்னால் உத்தியோகஸ்தருக்கு எரிச்சல். தட்டுக்காசைக் கேட்டால் அர்ச்சகருக்கு எரிச்சல். பொய் எழுதினால் கேட்க அவதூறுச் சட்டம் இருக்கின்றதே, எரிச்சலுக்கு அளவுகோல் ஏது? 2012-ல் புதுச்சேரி வியாபாரி ஒருவர், மந்திரி மகனைப்பற்றி டுவிட்டரில் எழுதியதற்காகக் கைதானார்.

2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட் இப்பிரிவை ரத்து செய்தது. செத்தவன் பேரால் வருஷந்தோறும் திவசம் வசூலிக்கும் புரோகிதனைப் போல், போலீசார் பிறகும் அதன் பேரில் வழக்குப் போட்டே வந்தார்கள். 2022 அக்டோபரில் அதே கோர்ட் மறுபடியும் உத்தரவு போடவேண்டியதாயிற்று.

66-ஏ இல்லாவிட்டால் வேறொன்று. 2020-ல் கோயம்புத்தூரில் ரேஷன் ஊழலையும் டாக்டர்களுக்குச் சாப்பாடு கிடைக்காததையும் வெளியிட்ட இணையப் பத்திரிகை முதலாளியை 1897-ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தைக் காட்டியும் பிடித்தார்கள். செய்தியும் கிருமி போலும்!

1942-ல் ‘திராவிட நாடு’ பத்திரிகை பிறந்த ஊர் காஞ்சி. தோழர்களே, வழக்கு என்று வந்தால் பயந்து படத்தை அழிக்காதீர்கள். எப்.ஐ.ஆர். நகலை வாங்கி, முதலில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.