உலையும் ஏடும்

எழுதுகிறவன் எதைக் கொண்டு உண்பது? இந்த வினா தமிழுக்குப் புதியதன்று. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தானே முதன்முதற் கேட்பதுபோலக் கேட்கிறது. கேட்டவுடன் இரண்டு விடைகள் ஓடி வருகின்றன. "எழுத்துச் சோறு போடாது; அதை விட்டுவிட்டுப் பிழைக்கிற வழியைப் பார்" என்பது ஒன்று. வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அது. "கலையென்றால் அனைத்தையும் துறக்க வேண்டும், சம்பளத்துக்குக் கைகட்டி நிற்பவன் கலைஞனாக முடியாது" என்பது மற்றொன்று. இலக்கியக் கூட்டங்களின் மேடையிலிருந்து வருவது இது. இரண்டுமே பிழையான விடைகள் என்பது எமது கருத்து. முதலாவது எழுத்தைக் கொல்கிறது. இரண்டாவது எழுதுகிறவனைக் கொல்கிறது. பல வேளைகளில் அவனோடு சேர்த்து அவன் வீட்டாரையும் வருத்துகிறது.

ஊவா மலைநாட்டிலே இவ்வினாவுக்குத் தனியானதொரு கூர்மை உண்டு. பெரகல என்னும் இடத்திலே கொழும்பிலிருந்து வரும் பெருவீதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலவுக்கும் அப்பாற் பதுளைக்கும் செல்கிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இவ்விரு கிளைகளையும் அண்டிய தோட்டங்களிலே கவிதை எழுதுகிறவர்களும், கதை எழுதுகிறவர்களும், சிறு சஞ்சிகையொன்று நடத்த ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுட் சிலர் ஆசிரியர்கள்; சிலர் கொழும்புக் கடைகளிலே வேலை செய்து பண்டிகைக்கு மட்டும் வீடு திரும்புகிறவர்கள்; சிலர் கொழுந்து பறிக்கிற தாயின் உழைப்பிலே இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழுகிற வீட்டிலே, ஒருவன் மாலை முழுவதும் வருவாயில்லாத ஏட்டின் முன் அமர்ந்திருப்பது சிறிய செய்தியன்று. 2021ஆம் ஆண்டிலேதான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டியது. அதற்கும் ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. அத்தகைய வீட்டைப் பார்த்து "கலைக்காக எல்லாவற்றையும் துறந்துவிடு" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. துறப்பதற்கு முதலில் ஏதேனும் இருத்தல் வேண்டும்.

எமது முன்னோர் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர்? சங்கப் புலவரென்றால் அரசன் வாயிலிலே பரிசிலுக்குக் காத்து நின்றவர் என்ற எண்ணமே மாணவர் மனத்திற் பதிந்திருக்கிறது. தொகை நூல்களிலே பாட்டின் அடியில் உள்ள பெயர்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். தங்கால் பொற்கொல்லனார் பொன்வேலை செய்தவர். மருத்துவன் தாமோதரனார் என்ற பெயர் தன் தொழிலைத் தானே சொல்கிறது. பாட்டுகளைத் தொகுத்தவர்கள் இத்தொழில்களை மறைக்க வேண்டிய சிறுமையாகக் கருதவில்லை. பெயரோடு சேர்த்தே எமக்குத் தந்தார்கள். துணிக்கடையும் தானியக் கடையும் பாட்டுக்குப் பகையென்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

பரிசில் பெற்று வாழ்ந்தவருள்ளும் மானங் காத்தவர் உளர். அதியமான் தம்மை நேரிற் காணாமலே அளித்த பரிசைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு அதைச் சொல்கிறது. அதே புலவர், குமணனிடம் பெற்று வந்த செல்வத்தை மனைவியின் கையிற் கொடுத்து, அனைவர்க்கும் வழங்குமாறு சொல்வது 163ஆம் பாட்டு. அதனை நாம் வள்ளன்மைக்குச் சான்றாக வகுப்பறையிற் கற்பிக்கிறோம். அப்பாட்டிலே இன்னொன்றும் இருக்கிறது. யார் யாருக்குக் கொடுக்க வேண்டுமென்று சொல்லும்போது, சுற்றத்தின் பசி தீர அவளுக்குக் கடன் தந்து உதவியவர்களையும் அவர் மறவாமற் குறிப்பிடுகிறார். புலவர் புரவலரைத் தேடிச் சென்ற நாட்களிலே வீட்டில் உலை வைக்க வழி செய்தது மனைவி வாங்கிய கடன் என்பது இதனாற் புலனாகிறது.

நாம் சொல்ல வந்ததும் இதுவே. எழுத்தின் செலவை எப்பொழுதும் யாரோ ஒருவர் செலுத்துகிறார். தொழில் செய்து கொண்டே எழுதலாமா என்பதன்று வினா; அச்செலவைச் செலுத்துகிறவர் யார், அவர் அறிந்து மனமொப்பிச் செலுத்துகிறாரா என்பதே வினா. தொழில் எழுத்துக்குப் பகையன்று. கணக்கில்லாமையே பகை.

பிற நாட்டு எழுத்தாளர் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. பிராகு நகரத்துக் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தார். பகலிலே அலுவலகம், இரவிலே எழுத்து. அலுவலகத்தை அவர் நொந்துகொண்டார் என்பது உண்மை. ஆனால் அதிகாரத்தின் நீண்ட நடைகூடங்களை அவர் கற்றுக்கொண்டதும் அங்கேதான். ஆங்கிலக் கவிஞர் எலியட் 1917 முதல் 1925 வரை இலண்டன் லொயிட்ஸ் வங்கியிலே பணி செய்தார். அவர் பெயரை உலகறியச் செய்த நெடுங்கவிதை 1922இல் வெளிவந்தபோதும் அவர் வங்கி ஊழியரே. அவரை அவ்வேலையிலிருந்து விடுவிக்க நண்பர்கள் நிதி திரட்ட முனைந்தார்கள். அவர் அந்த நிதியை நம்பி வங்கியை விட்டாரல்லர். பதிப்பகமொன்றிலே நிலையான வேலை கிடைத்த பின்னரே விட்டார். நண்பரின் அன்பினும் மாதச் சம்பளம் உறுதியானது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

இனி எமது மலைகளுக்கு வருவோம். தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலி-எலவுக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்திலே சிலகாலம் ஆசிரியராக இருந்தார். அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பின்னர்க் கொழும்பிலே கணக்கு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவல் 1974இல் வெளிவந்தது. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தபோது அவருக்கு எழுபத்தொன்பது வயது. 2022இல் மறையும் வரை அவர் எழுத்துலகை விட்டு நீங்கவில்லை. என்.எஸ்.எம். இராமையாவும் அவ்வாறே. கொழும்பிலே கடையொன்றிற் கணக்கெழுதி வாழ்ந்தவர் அவர். 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதையைத் தமிழுக்குத் தந்த கை, பகலெல்லாம் கடைப் பேரேட்டிலே வரவு செலவு எழுதிய கை. இவ்விருவரும் எழுத்தை விற்று உண்ணவில்லை. ஆகையால் எவருக்காகவும் எழுத்தைத் திரிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. சம்பளம் அவர்களின் நேரத்தை வாங்கியது, பேனாவை வாங்கவில்லை.

இதனை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மையே. அறுபதுகளிலேயே பேர் பெற்றுவிட்ட அந்தக் கதையின் பெயரில் ஒரு தொகுதி நூலாக வெளிவர 1980 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கணக்கெழுதிக் களைத்த இரவுகளிலே எழுதப்படாமற் போன கதைகள் எத்தனை என்று யார் சொல்ல வல்லார்? தொழில் காத்தது, தொழில் எடுத்துக்கொள்ளவும் செய்தது. இரண்டையும் ஒப்புக்கொள்வதே நேர்மை.

தொழிலைப் புறந்தள்ளி எழுத்தையே நம்பியவர்களின் வரலாற்றையும் நாம் அறிவோம். புதுமைப்பித்தன் பத்திரிகைப் பணியிலிருந்து விலகி, வருவாயை நாடித் திரைப்படத்துக்கு எழுதச் சென்றார். 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனேயில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948இல், நாற்பத்திரண்டாம் வயதில், திருவனந்தபுரத்திலே உயிர் நீத்தார். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார்; 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. புதுக்கவிதைக்கு வழி வகுத்த ஏடு அது. அதன் ஆசிரியரோ புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று விற்றார். அவருடைய வைராக்கியத்தை வணங்குகிறோம். ஆனால் அந்த மூட்டையை அவர் தோளிலே ஏற்றியது யார்? வாங்காத வாசகரே.

யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா வேறொரு வழி கண்டார். முடி திருத்தும் நிலையமே அவருடைய தொழிற்களம். அத்தொழிலை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மலர்ந்தது. கத்தரி பிடித்த கை இதழைத் தொகுத்தது. தொகுத்த இதழைத் தெருவிலே நடந்து சென்று விற்றதும் அதே கை. அறுவை வாணிகனாரும் பொற்கொல்லனாரும் அவரைத் தம் இனத்தவரென்றே ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே, மலையகத்து இளம் எழுத்தாளருக்கு நாம் சொல்வது இது: தொழிலை விடாதீர்கள், எழுத்தையும் விடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். வீட்டுக்குரிய பணத்தை எடுத்துப் புத்தகம் அச்சிட வேண்டா. நகையை அடகு வைத்து வெளியிட்ட கவிதைத் தொகுதி, கட்டுக் கட்டாகக் கட்டிலின் கீழே கிடக்கும்போது, அதனைப் பார்க்கும் மனைவிக்குக் கவிதையின் மேலேயே வெறுப்பு உண்டாகிறது. அது கவிதைக்குச் செய்யும் நன்மையன்று. அதேபோல, எழுத்துக்கென வகுத்த நேரத்தை வேறெதற்கும் கடன் கொடுக்கவும் வேண்டா. விடியற்காலையில் ஒரு மணி நேரம் போதும். நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுகிறவன் ஆண்டிறுதியிலே ஒரு நாவலைக் கையில் வைத்திருப்பான். ஓய்வு கிடைத்தபின் எழுதலாமென்று காத்திருப்பவன் கையில் காத்திருப்பு மட்டுமே எஞ்சும்.

இங்கே பெண்களைப்பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மலைக்குச் சென்று, மாலையில் மீண்டும் அடுப்பை மூட்டுகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரத்தை யார் தருவது? ஆசிரியையாக இருப்பவளுக்கும் வீட்டிலே வேலை குறைவதில்லை. ஆண் எழுதும்போது வீடு அமைதி காக்கிறது. பெண் எழுத அமர்ந்தால் வீடு அவளை அழைக்கிறது. தொழிலும் எழுத்தும் என்று இரண்டை வைத்து நாம் பேசுகிறோம்; அவளுக்கு அவை மூன்று. ஊவாவிலே எழுதக்கூடிய பெண்களின் குரல் குறைவாகக் கேட்கிறதென்று வருந்துகிறவர்கள், முதலிலே தம் வீட்டு அடுப்படியில் ஒரு மணி நேரம் நிற்கட்டும்.

எஞ்சிய கடமை வாசகருடையது. எமது நாட்டிலே நூலின் அச்சுச் செலவு பெரும்பாலும் கடையிலே மீள்வதில்லை. வெளியீட்டு விழாவிலேதான் மீள்கிறது. வர்த்தகர் ஒருவர் முதற் பிரதியைப் பெருந்தொகை கொடுத்துப் பெறுகிறார். சிறப்புப் பிரதி பெறுவோர் வரிசையாக மேடையேறுகிறார்கள். இந்த வழக்கத்தை நாம் இகழவில்லை. துரை விஸ்வநாதன் போன்றதொரு வர்த்தகர் முன்வந்ததாலேதான் 1997இல் 'மலையகச் சிறுகதைகள்' என்ற பெருந்தொகுதி எமக்குக் கிடைத்தது. ஆனால் விழாவுக்கு மறுநாள் அந்நூலை யார் வாங்குகிறார்? எழுத்தாளரைக் கண்டவுடன் "எனக்கொரு பிரதி தரமாட்டீர்களா?" என்று அன்போடு கேட்கும் பழக்கம், படித்தவர்களிடமே மிகுதி. அந்த அன்பின் விலையை எழுத்தாளன் தன் சம்பளத்திலிருந்து செலுத்துகிறான். 2022ஆம் ஆண்டிலே தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டதை நாம் கண்டோம். அந்த நெருக்கடிக்குப் பின் அச்சுச் செலவு முன்போல் இல்லை. இலவசப் பிரதி என்று ஒன்று இப்பொழுது உலகில் இல்லை. பிறர் செலவிற் பெறும் பிரதி மட்டுமே உண்டு.

இப்பக்கத்திலே வெளியாகும் கதைக்கோ கவிதைக்கோ கிடைக்கும் சன்மானம் ஒரு குடும்பத்தைத் தாங்காது என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை. இதனைப் படிக்கும் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். மாதந்தோறும் ஒரு மலையக நூலை, நூலாசிரியரிடமோ கடையிலோ, முழு விலை கொடுத்து வாங்கலாம். படித்தபின் பாடசாலை நூலகத்திலே வைக்கலாம். பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் உள்ள தமிழாசிரியர்கள் அனைவரும் இதனைச் செய்தால், ஊவாவில் எழுதப்படும் நூலொன்று அடகுக் கடைப் பக்கம் போகாமலே அச்சேறும். எழுதுகிறவன் தன் உலைக்குத் தானே உழைத்துக்கொள்வான். அவனுடைய ஏட்டுக்கு நாம் விலை கொடுப்போம்.