சீம்பால் யாருக்குச் சொந்தம்?

பசு கன்று ஈன்ற வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவிராது. காளையா, கிடாரியா என்று கேட்டுக்கொண்டு அண்டை வீட்டார் வருவர். கூடவே, "சீம்பால் எப்போது?" என்ற கேள்வியும் வரும். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேக வைத்த சீம்பாலின் சுவை நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பால் முதலில் யாரைச் சேர வேண்டும் என்பதைச் சற்றே சிந்திப்போம்.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலேயே ஓரளவு கிடைத்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடியோ அவற்றைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. அந்தச் செல்வம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை அப்படியே இரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆற்றல் கன்றின் குடலுக்குச் சில மணி நேரமே உண்டு. மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்திற்குள் ஏறக்குறைய அது நின்றுவிடும்.

பிறந்த கன்றைப் பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? தாய் நக்கி நக்கி உலர்த்த, அது தள்ளாடி எழும், விழும், மீண்டும் எழும். மடி எங்கே என்று அதற்குத் தெரியாது. தாயின் முன்னங்காலை முட்டும். மார்பை மோந்து பார்க்கும். மெல்ல நகர்ந்து பின்னங்கால் அருகே காம்பைக் கண்டுகொள்ளும். இத்தனை பாடுபட்டுத் தேடும் கன்றைத் தும்பில் கட்டிப்போடுவது நியாயமா?

"நஞ்சுக்கொடி விழுமுன் ஊட்ட விடக்கூடாது" என்பார் சிலர். கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் பொன்னான நேரம் கழிந்துவிடும். உண்மையில், கன்று ஊட்டும்போது பசுவின் உடலில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. அதுவே பாலை இறக்குகிறது. கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. ஆகவே ஊட்டுவது கொடி விழத் துணையாகுமேயன்றித் தடையாகாது.

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளில் அதற்குத் தேவை. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதையும் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் குடிக்கத் தொடங்க வேண்டும். காம்பு பிடிக்கத் தெரியாத கன்றாயின், மடியை வெந்நீரில் கழுவி, விரலைச் சப்பக் கொடுத்து, காம்பருகே கொண்டு செல்லலாம். வாயைத் திறந்து பாலை ஊற்றுவது ஆபத்து. பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

சீம்பால் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கன்று வயிறாரக் குடித்தபின் மிஞ்சுவதை அண்டை அயலாருடன் பகிர்ந்து உண்போம். கழிச்சல் கண்டு கன்று இறந்தபின் "விதி" என்று சொல்வதைவிட, முதல் நாளிலேயே அதன் பங்கை அதற்குக் கொடுப்பது மேல். மாடு வளர்க்கும் வீட்டுப் பெண்கள் நாம். இதைப் பாட்டியிடமும் அப்பாவிடமும் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்வோம். பேசத் தெரியாத கன்றுக்காகப் பேச நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?