தாதியர் பரீட்சையும் மனனக் கல்வியும்

இலங்கையில் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றிய ஒருவர், அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ சென்று அதே தொழிலைத் தொடர விரும்பினால், கடந்தே தீரவேண்டிய வாயில் ஒன்று உண்டு. என்.சி.லெக்ஸ் எனப்படும் உரிமப் பரீட்சையே அது. அமெரிக்காவின் இப்பரீட்சையை கியூபெக் நீங்கலான கனேடிய மாகாணங்கள் 2015 ஜனவரியில் ஏற்றுக்கொண்டன. அன்றிலிருந்து, புலம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றில் இச்சொல் கவலையோடு உச்சரிக்கப்படும் சொல்லாகிவிட்டது.

அண்மைய ஆண்டுகளில், அமெரிக்காவிலேயே கற்று முதற்தடவை தோற்றுவோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சித்தியடைகின்றனர். வெளிநாடுகளில் கற்று முதற்தடவை தோற்றுவோரிலோ ஏறக்குறைய பாதிப்பேரே சித்தியடைகின்றனர். ஆங்கிலம்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதுவும் ஒரு காரணமே. ஆனால், எம்மவரைப் பொறுத்தவரை அதனிலும் பெரிய காரணம் நாம் பாலர் வகுப்பிலிருந்தே பழகிய மனனக் கல்வி என்பதே எனது கருத்து.

இப்பரீட்சை எதைக் கேட்கிறது என்று பாருங்கள். நால்வர் உங்கள் பொறுப்பில் இருக்கின்றனர். ஒருவர் சத்திரசிகிச்சைக்குப் பின் வலியால் முனகுகிறார். ஒருவர் வீடு செல்லக் காத்திருக்கிறார். நீரிழிவு நோயாளி ஒருவர் மதிய உணவு கேட்கிறார். நான்காமவர் காலையில் தெளிவாகப் பேசியவர். இப்போது மூச்சு வாங்கியபடி தடுமாறிப் பேசுகிறார். முதலில் யாரிடம் செல்வீர்கள்? நால்வருக்கும் தேவை உண்டு. நோயின் வரைவிலக்கணத்தை ஒப்புவித்தால் இங்கு விடை கிடைக்காது. யாருடைய உயிர் இந்த நிமிடத்தில் ஆபத்தில் இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டும். 2023 ஏப்ரலில் இப்பரீட்சை மாற்றியமைக்கப்பட்டபோது, ஒரே நோயாளியைப் படிப்படியாகத் தொடரும் வினாத்தொகுதிகள் சேர்க்கப்பட்டு, இத்தகைய தீர்மானிக்கும் ஆற்றலுக்கு மேலும் அழுத்தம் கொடுக்கப்பட்டது.

இதன் புள்ளியிடும் முறையும் எமக்குப் புதியது. விடைகளுக்கு ஏற்ப அடுத்த வினாவைக் கணினியே தேர்கிறது. நன்றாகச் செய்தால் வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். குறைந்தது 85 வினாக்கள், கூடியது 150; நேரம் ஐந்து மணி. ஒருவரின் ஆற்றல் தேவையான மட்டத்துக்கு மேலா கீழா என்பது 95 வீத உறுதியுடன் தெரிந்தவுடன் திரை நின்றுவிடும். ஆகவே 85 இல் நின்றது வெற்றியாகவும் இருக்கலாம், தோல்வியாகவும் இருக்கலாம். ‘எல்லாமே கஷ்டமாக இருந்தது’ என்று அழுதபடி வெளியேறியோர் சித்தியடைந்ததை நான் அறிவேன். கடினமான வினாக்களைச் சந்திப்பது பெரும்பாலும் நன்றாகச் செய்வதன் அடையாளமே.

இதைப் புரிந்துகொள்ளாதோரிடம்தான், வந்த வினாக்கள் இவை என்று கூறிப் பட்டியல் விற்போர் காசு பார்க்கின்றனர். தோற்றுபவர் ஒவ்வொருவருக்கும் வேறுவேறு வினாக்கள் வரும் பரீட்சைக்கு, பாடமாக்கிய பட்டியலால் என்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது.

குறுக்குவழியின் எல்லை எதுவென்பதை 2023 ஜனவரியில் புளோரிடா காட்டியது. மூன்று தாதியர் பாடசாலைகளின் பெயரில் 7,600 க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டமை அம்பலமாகி, 25 பேர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அச்சான்றிதழ்களை வாங்கியோரில் ஏறத்தாழ 2,400 பேர் இப்பரீட்சையிலும் சித்தியடைந்திருந்தனர். பெரும்பாலானோரைப் பரீட்சை தடுத்தது என்பதும் உண்மை; அனைவரையும் தடுக்கவில்லை என்பதும் உண்மை. கற்ற கல்வியும் வேண்டும், பரீட்சையும் வேண்டும். ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது.

இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரை மீண்டும் மாணவியாக்குவது நியாயமா என்று கேட்போர் உளர். அக்கேள்வியின் வலி எனக்குப் புரிகிறது. யாழ்ப்பாணத்தில் முழு விடுதியையும் தனியே பார்த்த தாதியர், இங்கு முதியோர் இல்லத்தில் உதவியாளராக நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால், அந்த அனுபவமே சிலவேளை இடறுகிறது. ஆளணியும் உபகரணங்களும் குறைந்த விடுதியில் நாம் செய்து பழகியது வேறு. எல்லா வசதியும் இருப்பதாக எண்ணி விடையளிக்கச் சொல்வது இப்பரீட்சை. வைத்தியரின் கட்டளை தவறெனத் தோன்றினால், நிறைவேற்றுமுன் அவரிடமே கேட்கவேண்டும் என்கிறது அது. நோயாளியிடம் மறைத்து உறவினரிடம் மட்டும் உண்மையைச் சொல்லும் எமது வழக்கத்தையும் அது ஏற்பதில்லை. இவை எம்மைத் தாழ்த்துவதற்கானவை அல்ல. நோயாளியின் உரிமையைக் காப்பவை.

ஆகவே, ஆயத்தமாகும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் நான் கூறக்கூடியது இதுதான். நாளொன்றுக்கு நூறு வினாக்களைப் புரட்டுவதிலும், முப்பது வினாக்களைச் செய்து, ஒவ்வொரு விடையும் ஏன் சரி, ஏன் பிழை என்று ஆராய்வது மேல். தவறினால் 45 நாட்களின் பின் மீண்டும் தோற்றலாம், அது தலைகுனிவன்று. வீட்டாரும் ‘இன்னும் பாஸ் பண்ணவில்லையா?’ என்ற கேள்வியை விடுத்து, படிப்பதற்கு இரண்டு மணிநேர அமைதியைக் கொடுக்கட்டும்.

நடுநிசியில் மூச்சுத் திணறும் ஒருவரின் கட்டிலருகே நிற்கப்போவது சான்றிதழ் அல்ல, சிந்திக்கத் தெரிந்த ஒரு மனிதர். அந்தக் கட்டிலில் நாளை எமது தாயும் படுத்திருக்கலாம்.