‘‘மேலிடத்துல இருந்து பேசறோம்... ஓ.டி.பி சொல்லுங்க!’’

கேள்வி: ‘‘என் மகள் திண்டிவனம் அருகே ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணினி வேலை பார்க்கிறாள். ‘மாவட்ட அலுவலகத்துல இருந்து பேசறோம். உங்க உறுப்பினர்களோட பி.எம்.கிசான் பட்டியலைச் சரிபார்க்கணும். உங்க போனுக்கு வந்திருக்கிற ஓ.டி.பி எண்ணைச் சொல்லுங்க. இன்னிக்கே முடிக்கலைன்னா எல்லாருக்கும் தவணை நின்னுடும்’ என்று போன் வந்திருக்கிறது. அவள் சொல்லவில்லை. ‘உன் மேல புகார் எழுதறோம்’ என்று மிரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். நிஜமாகவே அதிகாரியாக இருந்தால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாள். அவள் செய்தது சரியா?’’

- ஒலக்கூர் வட்டார வாசகர்.

பதில்: ‘‘நூற்றுக்கு நூறு சரி. உங்கள் மகள் பயப்பட வேண்டியதில்லை. எந்த அதிகாரிக்கும் போனில் ஓ.டி.பி கேட்கும் உரிமை கிடையாது. அது நிஜ அதிகாரியாகவே இருந்தாலும் சொல்லக்கூடாது.

வந்த போனில் மூன்று தூண்டில்கள் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது பதவி: ‘மாவட்ட அலுவலகம்’ என்றதும் நம் குரல் தானாகத் தணிந்துவிடும். இரண்டாவது அவசரம்: ‘இன்னிக்கே’ என்றால் யோசிக்க நேரம் இல்லை. மூன்றாவது, மற்றவர்களுக்கு நஷ்டம் வந்துவிடுமோ என்ற பதற்றம். இந்த ஏமாற்று வேலைக்குக் கணினிப் படிப்பு தேவையில்லை. பூட்டை உடைக்காமல், சாவியை நம் கையாலேயே கொடுக்க வைப்பதுதான் வித்தை.

சாவி கைமாறினால் என்ன ஆகும் என்பதை நம் பகுதி ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2020-ம் ஆண்டு வெளிவந்த பி.எம்.கிசான் முறைகேடு உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்டுக்கு 6,000 ரூபாயை 2,000 ரூபாயாக மூன்று தவணைகளில் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டம் அது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உட்பட 13 மாவட்டங்களில் தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 110 கோடி ரூபாய்க்கும் மேல் முறைகேடாகப் போயிருந்தது.

அப்போது யாரும் அரசுக் கணினிக்குள் கன்னம் வைத்து நுழையவில்லை. அதிகாரிகளுக்கு உரிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தன. அதை வைத்துத் தரகர்களும் கணினி மையக்காரர்களும் பெயர்களை ஏற்றினார்கள். கிராமங்களில் ‘கொரோனா பணம் வருது’ என்று சொல்லி ஆதார், வங்கிப் புத்தக நகல்களை வாங்கியதாகவும் செய்திகள் வந்தன. கொடுத்தவர்களில் பலருக்கு என்ன திட்டம் என்றே தெரியாது. பிறகு அவர்கள் கணக்கில் இருந்துதான் பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

2020 செப்டம்பரில், அன்றைய வேளாண்மைத் துறை முதன்மைச் செயலர் ககன்தீப் சிங் பேடி வெளியிட்ட விவரப்படி, 18 பேர் கைதானார்கள். 80 பேர் பணிநீக்கம், 34 பேர் தற்காலிகப் பணிநீக்கம். சி.பி.சி.ஐ.டி விசாரித்தது. தெரிந்தே துணை போனவர்களும் இருந்தார்கள். ஆனால் கணினியைப் பொறுத்தவரை, யார் பெயரில் உள்ளே நுழைந்தார்களோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘வேலைச்சுமை, இன்னொருத்தர்கிட்ட கொடுத்து ஏத்தச் சொன்னேன்’ என்பது சமாதானம் ஆகாது. ஆகவே, ஓ.டி.பி சொல்லாததால் உங்கள் மகளின் வேலைக்கு ஆபத்து இல்லை. சொல்லியிருந்தால்தான் ஆபத்து.

நிலக்கடலை விதை வாங்கப் போனால் மூட்டையின் தையலைப் பார்க்கிறோம். நீல நிறச் சான்று அட்டை இருக்கிறதா, எந்த ரகம், எந்தத் தேதி வரை செல்லும் என்று படிக்கிறோம். விற்பவர் சொந்தக்காரரே ஆனாலும் அட்டையைப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. போனில் பேசுபவரிடமும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பால் சங்கம், கூட்டுறவுச் சங்கம், இ-சேவை மையம் என எங்கு வேலை பார்த்தாலும் இவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

* ‘சரிங்க ஐயா, நானே திரும்பக் கூப்பிடறேன்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். அவர் கொடுக்கும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலக எண்ணுக்குப் பேசுங்கள். நிஜ அதிகாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

* ஒருவருக்கு ஒரு பாஸ்வேர்டு. அதைச் சுவரில் ஒட்டுவதோ, பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து வேலையை முடிப்பதோ வேண்டாம். ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றே மாற்றுங்கள்.

* உறுப்பினர்களின் ஆதார், வங்கிப் புத்தக நகல்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நகல் கொடுக்கும் விவசாயியும் அதன் மேல் எந்த வேலைக்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.

* ‘எங்க வங்கிக் கணக்கு மாறிடுச்சு, உரப் பணத்தைப் புதுக் கணக்குல போடுங்க’ என்று வியாபாரி பெயரில் செய்தி வந்தால், அவரோடு பழைய எண்ணில் பேசாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

நிறுவனத்தின் இயக்குநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திலேயே, ‘ஓ.டி.பி, பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அதனால் வரும் பேச்சை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று தீர்மானம் எழுதுங்கள். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ‘முடியாது’ என்று சொல்லும் தைரியம் அப்போதுதான் வரும்.’’

கேள்வி: ‘‘எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ‘பி.எம்.கிசான்’ என்ற பெயரில் ஒரு செயலி வந்தது. தெரிந்தவர் அனுப்பியதால் போனில் ஏற்றிவிட்டேன். இப்போது என்ன செய்வது?’’

- விக்கிரவாண்டி வாசகர்.

பதில்: ‘‘ஏ.பி.கே என்று முடியும் ஃபைலாக வந்திருந்தால், அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் அனுப்பாமல், அவருடைய போனில் புகுந்த செயலியே எல்லோருக்கும் அனுப்பியிருக்கலாம். இப்படிப்பட்டவை போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்து, ஓ.டி.பி எண்ணை நம்மிடம் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும்.

உடனே போனில் இன்டர்நெட்டை நிறுத்துங்கள். வேறு போனில் இருந்து வங்கியைக் கூப்பிட்டுப் பணப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. பிறகு அந்தச் செயலியை நீக்கி, விவரம் தெரிந்தவர் உதவியோடு போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக அமையுங்கள். பாஸ்வேர்டு, பின் நம்பர்களையும் மாற்றுங்கள்.

பி.எம்.கிசான் செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் எடுங்கள். திட்டத்தில் சந்தேகம் என்றால் 155261 என்ற எண்ணில் கேளுங்கள், அல்லது உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரில் வாருங்கள். கடைசியாக, அந்தக் குழுவில் ‘இதை யாரும் ஏற்றாதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டால், அடுத்த வீட்டுக்காரரும் ஏமாறுவார்.’’