6,110 ஏக்கரை எப்படிப் படிப்பது?

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகப் பெருக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் 2021 ஜனவரி 22-க்கும், பிறகு 2023 செப்டம்பர் 5-க்கும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிப்போனது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஊர் மக்கள் சொல்லட்டும். சொல்வதற்கு முன் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அருகிலுள்ள பழவேற்காட்டில் பார்வை இழந்த ஒருவரோ, எழுத்துப் பழக்கம் இல்லாத மீனவப் பெண் ஒருவரோ அந்த அறிக்கையைக் காதால் கேட்டே தெரிந்துகொள்ள முடியுமா? எழுத்தைக் குரலாக்கும் தொழிலில் இருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

2006 செப்டம்பர் 14-இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, செய்தித்தாள் போய்ச் சேராத இடங்களில் தண்டோரா போட்டாவது கூட்டத்தைப் பற்றித் தெரிவிக்கச் சொல்கிறது. கூட்ட நடவடிக்கைகளின் சுருக்கத்தை முடிவில் மக்களுக்கு வாசித்து, அவர்கள் மொழியில் விளக்கவும் சொல்கிறது. ஆக, காதுவழிப் படிப்பு சட்டத்துக்குப் புதிதல்ல. ஆனால் கூட்டத்துக்கு முந்தைய, குறைந்தது 30 நாள் அறிவிப்புக் காலத்தில், அலுவலகங்களில் பார்வைக்கு வைக்கப்படும் அறிக்கையை வாசித்துக் காட்டும் பொறுப்பு மட்டும் யாருக்கும் தரப்படவில்லை. தமிழில் கட்டாயம் இருக்க வேண்டியதும் அறிக்கையின் சுருக்கம்தான். அந்தச் சுருக்கத்தையாவது கைப்பேசி பிழையில்லாமல் படிக்க வேண்டும்.

தமிழைப் படிக்கும் கணினிக் குரல் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவும், சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி முன்னின்று நடத்திய கூட்டமைப்பும் பல ஆண்டுகள் உழைத்துத் தமிழுக்குக் குரல் தந்திருக்கிறார்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் தமிழ் படிக்கும். கைப்பேசிகளிலும் தமிழ்க் குரல் வந்துவிட்டது. இன்றைய குறை எழுத்தில் இருக்கிறது.

காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட கடல்நீர்க் குடிநீர் ஆலையையே எடுத்துக்கொள்வோம். அதன் திறன் நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர், அதாவது 10 கோடி லிட்டர். தட்டச்சு செய்பவர் இதை ‘100 மி.லி.’ என்று சுருக்கினால், குரல் ‘நூறு மில்லிலிட்டர்’ என்று தயங்காமல் படிக்கும். நூறு கோடி மடங்கு பிழை. கண்ணால் படிப்பவர் சந்தேகப்பட்டு மேலே கீழே பார்த்துத் திருத்திக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த எண் சொன்னதும் போய்விடும். 6,110-இன் காற்புள்ளியை இடைநிறுத்தம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் ‘ஆறு… நூற்றுப் பத்து ஏக்கர்’ என்று கேட்கும். அப்பகுதியில் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் முதல் எழுத்தை வல்லோசையோடு சொல்லும் குரல், அந்தக் கரையில் வாழ்பவருக்கே அதை அந்நியமாக்கிவிடும். அட்டவணை இன்னும் மோசம். தலைப்பு வரிசை குறிக்கப்படாவிட்டால், எந்த எண் எதைச் சொல்கிறது என்றே தெரியாமல் எண்கள் கொட்டும்.

இவையெல்லாம் எழுத்து எழுத்தாக இருந்தால் வரும் சிக்கல்கள். ஒளிவருடியால் எடுத்த பக்கம் வெறும் படம்; அதன்முன் குரல் வாயே திறக்காது. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைக் கொடுத்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை உதிர்க்கும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. அணுகத்தக்க வடிவில் தகவல் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பொது ஆவணம் குரலுக்கு எட்டாமல் கிடந்தால், அதைத் தொழில்நுட்பக் குறை என்று நாம் சமாதானம் சொல்லக் கூடாது. அது கடமை தவறுதல்.

நம் பக்கமும் சரிசெய்ய வேண்டியவை உண்டு. குரல்களைச் செய்தி வாக்கியங்களிலும் கதை வாக்கியங்களிலும் சோதித்து, ‘இயல்பாக இருக்கிறதா’ என்று மதிப்பெண் வாங்கி நிறைவடைகிறோம். திரைவாசிப்பானில் ஊறிய மாணவருக்கு இனிமை பெரிதல்ல. மூன்று மடங்கு வேகத்திலும் சொல் உடையாமல் இருந்தால் போதும். ஈஸ்பீக்கின் கரகரப்பான குரலை அவர்கள் விடாமல் வைத்திருப்பது அதனால்தான். முதல்முறை கேட்கும் முதியவருக்கோ நிதானமான மனிதக் குரலும், நிறுத்திப் பின்னே போய் மறுபடி கேட்கும் பெரிய பொத்தானும் தேவை. ஊர்க்கூட்டத்தில் ஒரு பிள்ளை படிக்க மற்றவர்கள் கேட்கும் பழக்கம் நம்மிடம் எப்போதும் உண்டு. அந்தப் பிள்ளை இடையில் நிறுத்தி ‘இது எவ்வளவு தூரம் வரும்?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லும். குரல் அந்த இடத்தைப் பிடிக்கப் போவதில்லை. அந்தப் பிள்ளை விட்டுவிடும் பக்கங்களை, ஊரார் வேண்டிய நேரத்தில் தனியே கேட்கக் குரல் உதவும்.

ஆகவே உங்கள் அடுத்த சோதனைத் தொகுப்பில் பொது அறிவிப்புகளையும், அலகுகள் நிறைந்த அட்டவணைகளையும், வடசென்னை ஊர்ப் பெயர்களையும் சேருங்கள். ஆவணம் தயாரிப்பவர்கள் உங்களிடம் வந்தால், ஒருங்குறிக் கோப்பு, சுருக்கமில்லாத அலகு, தலைப்பு குறித்த அட்டவணை ஆகிய மூன்றும் இல்லாமல் வேலையை ஏற்காதீர்கள். அடுத்த கருத்துக்கேட்பு அறிவிப்பு வரும்வரை காத்திராமல், வெளியாகியிருக்கும் ஏதாவது ஒரு தமிழ்ச் சுருக்கத்தை உங்கள் குரலுக்குக் கொடுத்துப் படிக்கவையுங்கள். அது தடுமாறிய இடங்களை எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.