பந்தும் பாடமும்

சென்ற வாரம் எமக்கு ஒரு கடிதம் வந்தது. முன்னர் எம்மிடம் கணிதம் கற்று, இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவிலே பொறியியலாளராயிருக்கும் அன்பர் ஒருவர் எழுதியது. அவருடைய மூத்த மகனுக்கு வயது பதின்மூன்று. படிப்பிலே கெட்டிக்காரன், உதைபந்தாட்டத்திலே அதனினும் கெட்டிக்காரன். "இங்கே பணங்கட்டிப் படிப்பிக்கும் விடுதிப் பாடசாலைகள் அனேகம் உண்டு, சேர். ஒன்று கல்விக்குப் பெயர்போனது. மற்றது பந்துக்குப் பெயர்போனது. எதிலே விடுவது?" என்பது வினா. பிள்ளையைத் தூரத்தில் விடத் தாய்க்கு மனமில்லை என்று ஓரத்திலே ஒரு வரியும் எழுதியிருந்தார். கடல்கடந்து வாழும் எம்மவர் வீடுகள் பலவற்றிலும் எழக்கூடிய வினா ஆதலின், அவருக்கு எழுதிய விடையைச் சற்று விரித்து ஈண்டுத் தருகின்றோம்.

முதலிற் சொல்மயக்கந் தீர்தல் வேண்டும். 'பிரெப் ஸ்கூல்' என்றால் ஆங்கிலேயருக்குப் பதின்மூன்று வயதுவரையான சிறுவர் பயிலும் பாடசாலை. அமெரிக்கருக்கோ அது பல்கலைக்கழகத்துக்கு மாணாக்கரை ஆயத்தஞ்செய்யும் மேல்வகுப்புப் பாடசாலை. அவர்கள் 'சொக்கர்' என்பதே நமது உதைபந்தாட்டம். 'ஃபுட்போல்' என்பது முட்டைவடிவப் பந்தைக் கையிலேந்தி மோதும் வேறோர் ஆட்டம். எமது அன்பரின் தகப்பனாருக்கு இது இன்னும் விளங்கவில்லையாம்.

இப்பாடசாலைகளுள் மூத்தவை நாட்டின் வடகிழக்கு மூலையிலே உள்ளன. மசச்சூசெற்ஸ் மாநிலத்து அன்டோவர் 1778ஆம் ஆண்டிலும், நியூ ஹாம்ஷயர் மாநிலத்து எக்செற்றர் 1781ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. எக்செற்றருக்கு 1930ஆம் ஆண்டிலே எட்வேட் ஹார்க்னஸ் என்னும் செல்வர் பெருநிதி வழங்கினார். அன்று தொட்டு அங்கே நீள்வட்ட மேசையொன்றைச் சுற்றிப் பன்னிரண்டு மாணாக்கரளவில் ஆசிரியரோடு அமர்ந்து, வினவியும் மறுத்தும் கற்கின்றனர். நாற்பது பிள்ளைகளை ஓரறையில் வைத்துக் கரும்பலகையோடு மல்லாடும் எமக்கு இதை எழுதும்போதே பொறாமை உண்டாகின்றது. ஆனால் விடுதிச் செலவோடு இத்தகைய பாடசாலைகளில் ஓராண்டுக் கட்டணம் 70,000 டொலரை ஒட்டியும் மேற்பட்டும் நிற்கின்றது. வருவாய்க்கேற்ற உதவிப்பணமும் உண்டு. அதைக் கேட்க வெட்கப்படுவது எம்மவர் குணம், வெட்கப்பட வேண்டாம்.

இதற்கு எதிர்முனையிலே நிற்பது புளோரிடா மாநிலத்துப் பிராடென்ரன் நகரத்து ஐ.எம்.ஜி. அக்கடமி. 1978ஆம் ஆண்டிலே ரெனிஸ் பயிற்சிக்கூடமாய்த் தோன்றிய இவ்விடத்தில், நாளின் ஒரு பாதி பாடத்துக்கும் மறுபாதி ஆட்டத்துக்கும் உரியது. பதினேழு வயதுக்குட்பட்ட அமெரிக்க தேசிய அணிப் பிள்ளைகளை 1999 முதல் 2017 வரை இங்கேதான் தங்கவைத்துப் பழக்கினார்கள். முதற் கூட்டத்திலே வந்த லன்டன் டொனோவன் அவ்வாண்டு உலகப்போட்டியிலே அப்பிராயத்தாருட் சிறந்த ஆட்டக்காரரெனத் தெரிவானவர், பல்கலைக்கழக வாயிலை மிதியாமலே ஜேர்மனிக்குப் போனவர். அவர் டொனோவன். அதே முற்றத்திலே ஓடிய மற்றப் பிள்ளைகள் எல்லாரும் டொனோவன் ஆகவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. எமது அன்பர் அதனைத் தம் கடிதத்திலே குறிப்பிடவில்லை. ஜக் ஹரிசன் என்ற ஆங்கிலச் சிறுவர் சிறுவயது முதல் மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தின் பயிற்சிப் பிரிவிலே இருந்தவர். பதினான்கு வயதிலே, தாயாரின் எண்ணப்படி அதைவிட்டு, மசச்சூசெற்ஸ் மலையடிவாரத்துப் பேர்க்ஷயர் பாடசாலைக்கு வந்து சேர்ந்தார். உலகெங்குமுள்ள பிள்ளைகள் கனவுகாணும் இடத்தைவிட்டு ஒரு தாய் மகனை வகுப்பறைக்கு அனுப்பினாள் என்பதை அன்பரின் மனைவியார் கவனித்தல் வேண்டும். அவர் வேக் ஃபொறெஸ்ற் பல்கலைக்கழகத்திலே 2015இல் ஒரு பருவம் ஆடினார். 2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறைக் கழகங்களின் தெரிவிலே முதலாவதாக எடுக்கப்பட்டார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, 2020இல் லீட்ஸ் கழகத்தோடு அந்நாட்டு முதற்பிரிவுக்கு உயர்ந்தார். அதே 2016இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஜோஷுவா யாரோ, கானா நாட்டிலிருந்து கலிபோர்ணியாவின் கேற் பாடசாலைக்குப் படிக்க வந்தவர். 2017இல் முதலாவதாக எடுக்கப்பட்ட அபு டன்லடியும் கானாக்காரர். அதே மாநிலத்துச் சிறிய டன் பாடசாலையிலே பயின்றவர். டன்லடியைக் காயங்கள் அடிக்கடி களத்துக்கு வெளியே இருத்தின என்பதையும் மறைத்தலாகாது.

இம்மூவர் கதையைக் கேட்டுத் தந்தையர் துள்ளிக் குதித்தலும் கூடாது. பந்தினாற் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கிடைக்கும் என்பது பலருடைய கணக்கு. நாமும் கணக்கு ஆசிரியர்தாம், அக்கணக்கைப் பார்ப்போம். முதற்றரப் பல்கலைக்கழகங்களின் ஆண்கள் உதைபந்தாட்ட அணி ஒன்றுக்கு 2025ஆம் ஆண்டுவரை அனுமதிக்கப்பட்டவை 9.9 முழுப் புலமைப்பரிசில்கள் மட்டுமே. ஏறத்தாழ முப்பது இளைஞர் அதைத் துண்டுபோட்டுப் பகிர்ந்தனர். ஹார்வாட், யேல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்களோ விளையாட்டுக்கென ஒரு சதமும் கொடுப்பதில்லை. ஆண்டுக்கு 70,000 டொலர் கட்டி அதிலே பத்தில் மூன்று பங்கை எதிர்பார்ப்பவர் வியாபாரி அல்லர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2007இலே தொடங்கிய கழகப் பயிற்சிப் பிரிவு, 2012 முதல் பத்துமாதப் பருவத்தை வகுத்து, அதிலே சேர்ந்தோர் தம் பாடசாலைக்கு ஆடலாகாதென விதித்தது. தனியார் பாடசாலைப் புலமைப்பரிசிலாளர் சிலருக்கே விலக்களிக்கப்பட்டது. அப்பிரிவு 2020இற் கலைந்தது. ஆயினும் கழகமா பாடசாலையா என்ற இழுபறி அதனோடு ஒழியவில்லை. ஆகவே பணங்கட்டுமுன் அதிபரிடமும் கழகத்தாரிடமும் இதனை எழுத்திலே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இனி, எமது தீர்ப்புக்கு வருவோம். வடகிழக்குப் பாடசாலைகளிலே ஒரு பழைய வழக்கம் உண்டு: காலையிலே வரலாறு கற்பிப்பவரே மாலையிலே களத்தில் ஊதுகுழலோடு நிற்பார், இரவிலே அதே விடுதியிற் பிள்ளைகளோடு குடியிருப்பார். இவ்வழக்கம் எங்கே இன்றும் நிலைத்திருக்கின்றதோ அங்கே விடும் என்று எழுதியிருக்கின்றோம். வெற்றிக்கேடயங்களின் எண்ணிக்கை அப்புறம் ஆகட்டும்.

இதற்குக் காரணம் எமது பழைய ஞாபகமொன்று. பல ஆண்டுகளுக்குமுன் நாம் கற்பித்த கல்லூரியொன்றிலே இடதுபுறம் ஆடும் மாணவன் ஒருவன் இருந்தான். அவன் பந்தெடுத்தால் வேலிக்கு வெளியே நிற்போரும் கத்துவர். சாதாரணதரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கையிற் கணுக்கால் முறிந்தது. கூலிக்கு வந்த பயிற்சியாளர் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டார், கத்தியவர்களையும் காணோம். அணியைப் பார்த்துக்கொள்ளும்படி எமக்கு முன்னர் ஒருமுறை சொல்லப்பட்டபோது, திருத்தவேண்டிய கொப்பிகளைக் காட்டி நாமே மறுத்திருந்தோம். பௌதிக ஆசிரியர் ஒருவர் மாத்திரம் துவிச்சக்கர வண்டியிலே அவன் வீட்டுக்குப் போய், கட்டிலருகே இருந்து பாடஞ் சொல்லிக்கொடுத்தார். பையன் சித்தியடைந்தான். அந்த ஆசிரியருக்குப் பந்தாட்டம் நன்கு தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நலமாயிருந்திருக்கும்.

ஆகையால் அன்பருக்கு நாம் சொன்னது இது. பாடசாலையைப் பார்க்கப்போகும் நாளிலே முதலாம் அணியின் ஆட்டத்தைப் பாராதீர். மூன்றாம் அணி ஆடும் ஓரக் களத்துக்குப் போய், அங்கே நிற்கும் பயிற்சியாளர் யார், அவர் என்ன பாடம் கற்பிக்கின்றார் என்று கேளும். சென்ற ஆண்டு காயப்பட்ட பிள்ளை ஒருவனைக் காட்டச் சொல்லி, அவனோடு பேசும். தாயாரையும் கூட்டிக்கொண்டு போம். விடுதிச் சமையலையும் அவர் பார்க்கட்டும்.

கடிதத்தை உறையிலிட்ட பின்னர்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. நான்கு பக்கக் கடிதத்திலே, பையன் என்ன சொல்கின்றான் என்பது ஓரிடத்திலும் இல்லை. உறையைப் பிரித்து, "அவனைக் கேட்டீரா?" என்று அடியிலே எழுதி அனுப்பினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.